மனித வரலாறு முழுமைக்கும் ஒரே படம்: விண்வெளிப் பூமியா, ஹிரோஷிமா நிழலா, குகைச் சுவரின் கைகளா?

மனித வரலாறு முழுவதையும் ஒரே படத்தால் சுட்ட வேண்டும் என்றால், பலருக்கும் முதலில் தோன்றுவது விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் படம்தான். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 கலத்திலிருந்து பில் ஆண்டர்ஸ் எடுத்த ‘பூமி உதயம்’, 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 குழுவினர் எடுத்த ‘நீலக் கோலி’, 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து பதிந்த ‘வெளிர் நீலப் புள்ளி’ ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தாலும், எந்த இனத்தையும் எந்த நாட்டையும் விட்டுவிட்டோம் என்ற குறை எழாது. ஆனால் நீலக் கோலியில் ஆப்பிரிக்காவும் அண்டார்க்டிகாவின் பனியும் தெரிகின்றனவே தவிர, ஒரு வயலோ ஊரோ எல்லைக்கோடோ தெரிவதில்லை. நம் இனம் தோன்றும் முன்பே யாரோ அதை எடுத்திருந்தாலும் படம் பெரிதும் இப்படியேதான் இருந்திருக்கும். அது வரலாறு நிகழ்ந்த இடத்தின் படமே ஒழிய வரலாற்றின் படமன்று என்பதால், அதன் அழகில் எனக்கு ஐயமில்லை என்றாலும், என் தேர்வு அதுவன்று.

நிலவில் பதிந்த காலணித் தடத்தையும் சிலர் முன்வைப்பதுண்டு. அது 1969இல் எட்டிய ஒரு சாதனையின் சான்று. அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்ற முடியாது.

உண்மையான போட்டி வேறு இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, ஹிரோஷிமாவில் ஒரு வங்கியின் கற்படியில் பதிந்த நிழல். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது, வெடிமையத்திலிருந்து 260 மீட்டர் தொலைவில், வங்கி திறப்பதற்காக ஒருவர் அந்தப் படியில் காத்திருந்தார் என்று கருதப்படுகிறது. வெப்பக் கதிர் சுற்றியிருந்த கல்லை வெளுக்கச் செய்ய, அவர் உடல் மறைத்த பகுதி மட்டும் கருமையாக எஞ்சியது. மற்றொன்று, அர்ஜென்டினாவின் பின்டுராஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ‘கைகளின் குகை’. அங்கே 9,000 ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே மனிதர்கள் சுவரில் கையை வைத்து, எலும்புக் குழாயால் வண்ணத்தை ஊதி, கை மறைத்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை இடக்கைகள், வலக்கை குழாயைப் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டும் உருவான விதம் ஒன்றே என்பதை உணர்ந்தபோது நான் நெடுநேரம் கலங்கியிருந்தேன். இரண்டிலும் ஓர் உடல் கல்லுக்கு முன்னால் இருந்து, தன்மேல் பாய்ந்ததைத் தடுத்து, தான் மறைந்த பின் தன் வடிவத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

நிழலின் பக்கம் வலுவான வாதம் உண்டு. நகரம், வங்கி, அரசு, போர், இயற்பியல் என்று நாம் கட்டியெழுப்பிய அத்தனையும் அந்தப் படியில் சந்திக்கின்றன. குகைச் சுவரிலோ எழுத்தில்லை, உழவில்லை, பேரரசில்லை, அடிமைமுறையின் கொடுமையும் இல்லை. இந்தக் குறையை நான் சிறிதாக்கிக் காட்ட மாட்டேன். எனினும் நம் இனம் தோன்றி ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள் ஆகின்றன. எழுத்துக்கு வயது 5,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். வரலாற்றின் மிகப் பெரும் பகுதியை வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தவர்களை எந்த நூலும் பெயரிட்டதில்லை. அவர்கள் தாமே வைத்துச் சென்ற அடையாளம் இந்தக் கைகள். மேலும், இந்தோனேசியாவின் சுலாவேசியில் 39,900 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கைத்தடம் இருக்கிறது. பிரான்சின் கார்காஸ் குகையில் விரல்கள் குறைந்தோ மடங்கியோ தோன்றும் கைகள் இருக்கின்றன. ஒருவரையொருவர் அறியாத மக்கள், அதே செயலை வெவ்வேறு காலங்களில் செய்திருக்கிறார்கள்.

படியில் இருந்தவர் படமாக விரும்பியவர் அல்லர். அவருடைய இறப்பை நம் எல்லோருக்குமான சின்னமாக்க நமக்கு உரிமை உண்டா என்ற தயக்கமும் எனக்கு உண்டு. குகையில் கை வைத்தவரோ தாமாகவே வைத்தார்.

ஆகவே நான் தேர்வது பின்டுராஸ் சுவரை. அதிலும் தனிக் கை ஒன்றைப் பெரிதாக்கி வெட்டியெடுத்த படம் வேண்டாம். சிவப்பும் கருப்பும் வெள்ளையுமாகக் கைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, எது முந்தியது எது பிந்தியது என்று பிரிக்க முடியாதபடி சட்டகத்தின் நான்கு விளிம்புகளையும் தாண்டிச் செல்லும் படமே வேண்டும்.