ஐபோன் 11-க்கு சிஓஎஃப் டிஸ்ப்ளே: கூடுதல் காசு எதற்குப் போகிறது?

ஐபோன் 11-க்கு (2019) மாற்று எல்சிடி வாங்கப் போனால் கடையில் இரண்டு பெயர் காதில் விழும்: சிஓஜி (சிப் ஆன் கிளாஸ், கண்ணாடி மேல் சிப்), சிஓஎஃப் (சிப் ஆன் ஃபிலிம், பிலிம் மேல் சிப்). இரண்டுமே ‘இன்செல்’தான், அதாவது டச் உணரி எல்சிடிக்கு உள்ளேயே இருக்கும் வகை. சிஓஎஃப் விலை அதிகம். கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். மாட்டுகிறவர் கீழ் விளிம்பை மென்மையாகக் கையாளத் தெரிந்தவராக இருந்தால்.

வித்தியாசம் முழுக்கக் கீழ் பார்டரில் இருக்கிறது. டிஸ்ப்ளேவை ஓடவிடும் சிப் சிஓஜியில் கண்ணாடி மேலேயே உட்காரும். அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அதன் கீழே போனோடு இணைக்கும் ஸ்ட்ரிப் ஒட்ட இன்னும் கொஞ்சம். இந்த இடத்தில் படம் வராது, கறுப்புப் பட்டையாகவே நிற்கும். சிஓஎஃப்பில் சிப் ஒரு மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் (பாலிஇமைடு) பிலிமுக்குப் போய்விடுகிறது. பிலிம் கண்ணாடி விளிம்பில் ஒட்டப்பட்டு, திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட்டைச் சுற்றிப் பின்பக்கம் மடிகிறது. கண்ணாடியில் ஒட்டும் இடம் மட்டுமே மிச்சம் என்பதால் நாலு பக்க பார்டரும் கிட்டத்தட்ட ஒரே அகலமாகத் தெரியும்.

பிலிமுக்கு மாற்றினால் மட்டும் போதாது. 1792×828 திரையில் 828 பிக்சல் குறுக்கே. ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், ஆக 2484 நெடுக்கு வரிசை. 64 மில்லிமீட்டருக்கும் சற்று அதிக அகலத்தில் பரவியிருக்கும் இவை, அதைவிடக் குறுகலான சிப்பை நோக்கி விசிறிபோல் குவிய வேண்டும். எல்லாக் கம்பியும் ஒரே தளத்தில் போனால் விசிறி நீளும், பார்டரும் நீளும். அதனால் ஒரு கம்பி கீழ் உலோக அடுக்கிலும் அடுத்தது மேல் அடுக்கிலுமாக மாறி மாறிப் போகும். நடுவே மின்காப்புப் படலம். ஒரு கம்பியை நேரம் பிரித்து மூன்று நிறத்துக்கும் பயன்படுத்தும் ஸ்விட்சுகளைக் கண்ணாடியிலேயே வைத்துவிட்டால் 2484 என்பது 828 ஆகச் சுருங்கும்.

சிக்கனமாகச் செய்த பேனல் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். இரண்டு அடுக்கின் மின்தடையும் சரியாகப் பொருந்தாவிட்டால், நடுத்தரச் சாம்பல் நிறப் படத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக மங்கல் கோடுகள் தெரியும். வெள்ளைத் திரையில் இது கண்ணுக்கே படாது. கடையில் வெள்ளையைக் காட்டி ‘பாருங்க, சுத்தமா இருக்கு’ என்றால் சாம்பல் படத்தையும் போடச் சொல்லுங்கள்.

சிஓஎஃப்பின் பலவீனம் அந்த மடிப்புதான். பிலிமில் ஓடும் செம்புக் கோடுகள் சில மைக்ரான் தடிமன். நகத்தால் அழுத்தி மடித்தால் விரிசல் விழும். ஒன்று அறுந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு, பல அறுந்தால் பட்டை. கீழ் விளிம்பை லேசாக அழுத்தும்போது கோடு வந்து வந்து போனால், பெரும்பாலும் மடிப்பு உடையவில்லை, கண்ணாடியோடு பிலிமைச் சேர்க்கும், மின்சாரம் கடத்தும் ஏசிஎஃப் ஒட்டு விட்டிருக்கிறது. கடை மேசையில் அதைச் சரிசெய்ய முடியாது. வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றையும் கட்டுப்படுத்தும் பாண்டிங் மெஷின் வேண்டும். சிஓஜி இந்த மடிப்புத் தொல்லை இல்லாதது. ஆனால் போன் கீழ்முனையில் விழுந்து சிப் இருக்கும் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் படமே போய்விடும்.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கீழ் விளிம்பிலிருந்து அகலமான பிலிம் மடிந்து வந்து, கறுப்பு டேப்பின் அடியில் நீளமான சிப் தடம் தெரிந்தால் அது சிஓஎஃப். மடிப்பு ஒரே வளைவாக இருக்க வேண்டும். கூரான முறிவுத் தடம் இருந்தால் வேண்டாம். அந்த டேப்பை உரிக்கவும் கூடாது, மின்காப்பே அதுதான்.

மாட்டும்போது: அடியில் உள்ள இரண்டு பென்டலோப் (ஐந்து இதழ் தலை) திருகைக் கழற்றி, ஒட்டை 70–80 டிகிரியில் இளக்கி, இடப்பக்கத்திலிருந்து புத்தகம்போலத் திறக்க வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டர். அதைக் கழற்றாமல் டிஸ்ப்ளேவைச் செருகினால் போர்டில் பேக்லைட் லைன் எரிந்து போகலாம். மேலே உள்ள இயர்பீஸ்–சென்சார் ஸ்ட்ரிப்பைப் பழைய டிஸ்ப்ளேவிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். அது கிழிந்தால் ஃபேஸ் ஐடி கிடையாது. ஒட்டுவதற்கு முன் வெளியிலேயே இணைத்து, முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு ஐகானைப் பிடித்துத் திரை முழுக்க, முக்கியமாகக் கீழ் ஓரத்தில், இழுத்துப் பாருங்கள். மூடும்போது கீழ் விளிம்பு தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் பழைய ஒட்டு மிச்சம் இருக்கிறது என்று பொருள். கட்டைவிரலால் அமுக்கினால் மறுநாள் கோட்டோடுதான் போன் திரும்பி வரும்.

எது போட்டாலும் அசல் ஆப்பிள் டிஸ்ப்ளேதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவிப்பு வரும். முதல் 4 நாள் லாக் ஸ்கிரீனில், 15 நாள் செட்டிங்ஸில், பிறகு ‘அபவுட்’ பக்கத்தில். பழைய டிஸ்ப்ளேவின் தரவைப் புரோகிராமர் என்ற கருவியில் எடுத்துப் புதியதில் எழுதாவிட்டால், சுற்றுப்புற வெளிச்சத்துக்கேற்ப நிறத்தை மாற்றும் ட்ரூ டோனும் இல்லாமல் போகலாம். அதனால் பழையதைக் கடையில் விட்டுவிடாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், பில்லில் ‘இன்செல்’ என்று மட்டும் எழுதினால் சிஓஎஃப் என்று சேர்த்து எழுதச் சொல்லி வாங்குங்கள்.