3டி கம்பாசிட்டிங்குக்கு எந்தத் திரை வாங்கலாம்?

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் வீட்டிலிருந்தே 3டி படங்களுக்கு ரோட்டோ (உருவத்தின் விளிம்பை வரைந்து பிரிப்பது), பெயிண்ட் (வேண்டாததை அழித்துச் சரிசெய்வது), கம்பாசிட்டிங் (பல படத்தை ஒன்றாகச் சேர்ப்பது) செய்யும் தம்பிமார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு முன், அந்தத் திரையில் நாம் எதைத் தேடுகிறோம் என்று தெளிவாக வேண்டும். படம் முன்னே பாய்ந்து வருவதை ரசிப்பது பார்வையாளர் வேலை. நமக்கு வேண்டியது, இடக்கண் படத்துக்கும் வலக்கண் படத்துக்கும் ஒட்டாத இடங்கள்: ஒரு கண்ணில் மட்டும் நகர்ந்த ரோட்டோ விளிம்பு, ஒரு கண்ணில் மட்டும் விட்டுப்போன பெயிண்ட். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு படமும் சரியாகவே இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இடம் கண்ணை உறுத்தும்.

செலவே இல்லாதது சிவப்பு-சயான் கண்ணாடி. கம்பாசிட்டிங் மென்பொருளான நியூக்கில், இரு கண் படத்தையும் இந்த இரண்டு நிறத்தில் சேர்த்துக் காட்டும் அனகிளிஃப் நோடு போட்டால் போதும். நிறத்தை இதில் நம்பவே கூடாது. ஆனால் கண்ணாடி போடாமலே ஒரு சோதனை செய்யலாம். நிறப் பிசிறு பக்கவாட்டில் மட்டும்தான் தெரிய வேண்டும். ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ தெரிந்தால், இரண்டு கண்ணும் மேல்கீழாக விலகியிருக்கிறது என்று பொருள். எந்தத் திரை வாங்கினாலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

உண்மையான போட்டி ஷட்டர் கண்ணாடிக்கும் போலரைஸ்டு கண்ணாடிக்கும்தான். ஷட்டர் முறையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முழு ரெசல்யூஷன் கிடைக்கும். அதுதான் அதன் பெரிய பலம். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு கண்ணுக்கு நொடிக்கு 60 முறை கண்ணாடி திறந்து மூடும். சிக்கல் நம்ம ஊர் டியூப்லைட்டில் இருக்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் வைத்த லைட் நொடிக்கு 100 முறை மின்னும். இரண்டு வேகமும் ஒத்துப்போகாமல் அறையே துடிப்பதுபோல் இருக்கும், அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். லைட்டை அணைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதோடு, கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா, 3டி விஷன் என்ற தன் ஷட்டர் கண்ணாடித் தொகுப்புக்கு 2019-லேயே டிரைவர் ஆதரவை நிறுத்திவிட்டது. இன்று அதை வாங்கினால் பழைய கார்டு, பழைய டிரைவர் என்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டிஎல்பி-லிங்க் புரொஜெக்டர் (இதுவும் ஷட்டர் கண்ணாடி முறைதான்) இன்னும் கிடைக்கிறது. இறுதிப் பார்வைக்கு நல்லது.

போலரைஸ்டு கண்ணாடி லேசானது, சார்ஜ் வேண்டாம், நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். திரையின் ஒற்றைப்படை வரிகள் ஒரு கண்ணுக்கு, இரட்டைப்படை வரிகள் மறு கண்ணுக்கு. அதனால் 1080 வரி மானிட்டரில் ஒரு கண்ணுக்கு 540 வரிதான். மெல்லிய முடி விளிம்பைச் சரிபார்க்க இது போதாது. இன்னொரு தொல்லை, வரிகளை நாமே பின்னி அனுப்பும்போது விண்டோவை ஒரே ஒரு வரி நகர்த்தினால் இடமும் வலமும் மாறிவிடும். போலரைஸ்டு 4கே டிவியில் முதல் குறை தீர்ந்துவிடுகிறது, ஒரு கண்ணுக்கு 1080 வரி. ஹெச்டிஎம்ஐ ஃபிரேம் பேக்கிங்கில் (இரு கண் படத்தையும் முழு அளவில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி அனுப்பும் முறை) அனுப்பினால் வரி பின்னும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ளும், இரண்டாவது குறையும் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

கண்ணாடியில்லாத் திரைகள், ஏசர் ஸ்பேஷியல்லேப்ஸ், சோனியின் 27 அங்குலத் திரை போன்றவை, ஒருவர் கண்ணைத்தான் பின்தொடரும். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றால் அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது.

விஆர் ஹெட்செட்டைத் தள்ளிவிட முடியாது. காரணம் திரையின் அளவு. 2048 பிக்சல் அகலப் படத்தில் 20 பிக்சல் பாரலாக்ஸ் (இடக்கண் படத்துக்கும் வலக்கண் படத்துக்கும் உள்ள பக்கவாட்டு விலகல்) 24 அங்குல மானிட்டரில் சுமார் 5 மில்லிமீட்டர், இதமாக இருக்கும். அதுவே 12 மீட்டர் அகலத் தியேட்டர் திரையில் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். நம் இரு கண்ணுக்கும் இடைவெளியே சுமார் 6.5 சென்டிமீட்டர்தான். தூரத்து மலை அப்படி விலகி நின்றால் கண் வெளிப்பக்கம் திரும்ப வேண்டிவரும். அந்தத் திரைக்கு 11 பிக்சலே எல்லை. ஹெட்செட்டுக்குள் தியேட்டர் அளவில் திரையை வைத்துப் பார்த்தால் இந்தத் தவறு அனுப்புவதற்கு முன்பே பிடிபடும். சித்திரை வெயிலில் நாளெல்லாம் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது. கடைசிப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எல்ஜியும் சோனியும் 2017-ல் 3டி டிவியை நிறுத்திவிட்டதால், நான் ஓட்டுப் போட்ட அந்த 4கே டிவியைப் பழையதாகத்தான் வாங்க வேண்டும். ஓலெட் என்றால் நியூக்கின் மெனுவை அதில் நிறுத்தி வைக்காதீர்கள், தடம் பதிந்துவிடும். கடைக்குப் போகும்போது இடக்கண்ணுக்கு முழு வெள்ளை, வலக்கண்ணுக்கு முழு கறுப்பு என ஒரு படத்தைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். “அண்ணாச்சி, 3டி கண்ணாடியோட போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள்; கறுப்பாகவே தெரிந்தால் பேரம் பேசலாம். சாம்பல் தட்டினால் முதலில் தலையைச் சற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள், இந்த வகைத் திரைக்குக் கண்மட்டம் முக்கியம். அப்போதும் போகவில்லையென்றால் அந்த டிவி வேண்டாம்.