இன்லே வேலைக்குக் கோடுகளை எதில் இணைப்பது? கோரல்டிரா, இங்க்ஸ்கேப், விகார்வ்

ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்திருந்த அல்சூர் குடும்பம் ஒன்று, பூஜை அறைக் கதவு கேட்டு பீன்யாவில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. தேக்குக் கதவு. நடுவில் ஈட்டி மரப் (ரோஸ்வுட்) பலகை. அதில் வெப்பாலையால் பதித்த எட்டிதழ்த் தாமரை, சுற்றிலும் ஒரு வளையம். ஒரு மரத்தில் குழி எடுத்து இன்னொரு மரத் துண்டைப் பதிப்பதுதான் இன்லே. ஒவ்வொரு இதழ் நுனியும் வளையத்தைத் தொடவேண்டும் என்று அந்த அம்மா விரலால் காட்டிச் சொன்னார். வெப்பாலை என்பது சென்னபட்டணா பொம்மைகள் செய்கிற மரம். ஈட்டியின் கரும்பழுப்பு மேல் அதன் வெளுப்பு அழகாக நிற்கும்.

டிசைனர் அனுப்பிய டிஎக்ஸ்எஃப் ஃபைலில் (கோடுகளாக வரைந்த படம்) தாமரை முழுதாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இதழின் இடக் கோடும் வலக் கோடும் நுனியில் சேரவில்லை. நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி. மூடாத கோட்டுக்குள் குழி எடுக்கச் சொன்னால், மரம் செதுக்கும் இயந்திரத்துக்குப் பாதை போடும் சாஃப்ட்வேர் எடுக்காது, அதற்கு உள்ளே எது, வெளியே எது என்று தெரியாது. ஆகவே முதலில் இணைக்கவேண்டும். அதை எதில் செய்வது என்பதுதான் கேள்வி. கோரல்டிராவும் இங்க்ஸ்கேப்பும் படம் வரையும் சாஃப்ட்வேர்கள், விகார்வ் மரம் செதுக்குவதற்கானது. மூன்றிலும் செய்து பார்த்துவிட்டு நான் கோரல்டிரா பக்கம் நிற்கிறேன்.

விலை, கற்றுக்கொள்ளும் சுலபம் எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம். இங்க்ஸ்கேப் இலவசம், லினக்ஸிலும் ஓடும். கோரல் தெரிந்த ஆள் பெங்களூரில் எந்த ஃப்ளெக்ஸ் கடையிலும் கிடைப்பார். விகார்வ் விண்டோஸுக்கானது, ஒருமுறை பணம் கட்டி வாங்குவது. அதிலேயே கட்டிங் பாதையும் போட்டுவிடலாம். எங்கள் பக்கத்தில் சிலர் இன்னும் ஆர்ட்கேம் என்ற பழைய செதுக்கு சாஃப்ட்வேரில் வேலை செய்கிறார்கள். 2018ல் ஆட்டோடெஸ்க் அதை நிறுத்திவிட்டது, அதன் தொடர்ச்சியாக இப்போது இருப்பது கார்வெகோ.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு விஷயம்: இணைக்கும்போது நுனிப் புள்ளி எங்கே போய் உட்காருகிறது?

இங்க்ஸ்கேப்பில் இரண்டு கோடுகளையும் கம்பைன் செய்து (ஒரே பொருளாக்கி), இரு முனை நோடுகளையும் (கோட்டின் புள்ளிகள்) தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் ஜே அழுத்தினால், இரண்டும் நடுப்புள்ளிக்கு நகர்ந்து ஒன்றாகும். பார்க்கச் சரியாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் புரியும். இதழ் நுனியின் கோணம் 30 டிகிரி, இடைவெளி 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகள் தங்கள் போக்கிலேயே நீண்டிருந்தால் இன்னும் 0.56 மி.மீ. தள்ளித்தான் சந்தித்திருக்கும். நடுப்புள்ளியில் இணைத்தால் இதழ் அவ்வளவு குட்டையாகிவிடும். அதோடு, நுனியை ஒட்டிய கடைசித் துண்டு 4 மி.மீ. நீளம்தான் என்றால் கோணமும் 30லிருந்து 34க்கு விரிந்துவிடும். கூர்மை போய்விடும். நேர்கோடு போட்டு மூடினாலும் அதே 0.56 இழப்புதான், மேற்கொண்டு நுனியில் ஒரு மொட்டைத் தட்டையும் வந்து சேரும்.

கோரலில் ஜாயின் கர்வ்ஸ் என்று ஒரு டாக்கர் (திரை ஓரத்தில் திறக்கும் பெட்டி) இருக்கிறது. அதில் எக்ஸ்டெண்ட் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் கோடுகளை நீட்டி, அவை சந்திக்கிற இடத்தில் மூலையை வைக்கும். வரைந்தவர் மனதில் இருந்த நுனி அதுதான். அதே டாக்கரில் வளைகோட்டால் இணைக்கும் பெசியர் வகையும் உண்டு. வளைவின் நடுவில் அறுந்திருந்தால் அது பொருந்தும், இழைவாகச் சேரும். மூலைக்கு எக்ஸ்டெண்ட், வளைவுக்கு பெசியர் என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எக்ஸ்டெண்டிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. இரு கோடுகளும் ஏறக்குறைய இணையாக ஓடினால் சந்திப்பு எங்கோ தூரத்தில் போய் நிற்கும், ஊசி மாதிரி ஒரு வால் முளைக்கும். கோடுகள் குறுக்கே தாண்டிப் போயிருந்தால் முதலில் வெர்ச்சுவல் செக்மென்ட் டிலீட் என்ற கருவியால் மிச்சத்தை வெட்டிவிட்டு அப்புறம் இணைக்கவேண்டும். எவ்வளவு இடைவெளி வரை இணைக்கலாம் என்ற அளவை ஒரேயடியாக 0.5 என்று வைக்காதீர்கள். எங்கள் தாமரையில் இதழுக்குள் ஓடிய நரம்புக் கோடு 0.4 மி.மீ. பக்கத்தில் இருந்தது, அதையும் பிடித்து இழுத்துவிடும். 0.01ல் ஆரம்பித்து 0.05, 0.1 என்று ஏற்றிக்கொண்டே போவது என் பழக்கம்.

ஒரே கோட்டிலிருந்து குழியையும் பதிக்கும் துண்டையும் எடுத்தால் இரண்டிலும் ஒரே பிழைதானே இருக்கும், பொருந்திவிடுமே என்று கேட்கலாம். பொருந்தும். ஆனால் எங்கள் வேலையில் எட்டு நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் அரை மில்லிக்கு மேல் ஈட்டி தெரிந்திருக்கும். அந்த அம்மா கேட்டது அதுவல்ல.

நான் செய்ததோ அதைவிடப் பெரிய தப்பு. குழிக்கான கோடுகளை வீட்டில் லேப்டாப்பில் இங்க்ஸ்கேப்பில் இணைத்தேன். துண்டுக்கான கோடுகளை மறுநாள் ஷெட்டில் கோரலில் இணைத்தேன். செதுக்கியது கூம்பு முனையுள்ள 60 டிகிரி வி பிட். குழி 5 மி.மீ. ஆழம், துண்டுக்கு ஸ்டார்ட் டெப்த் (குழிக்குள் இறங்கும் அளவு) 4, ஃபிளாட் டெப்த் (இரு பலகைக்கும் நடுவே விடும் இடைவெளி) 2, அதாவது அடியில் பசைக்கு 1 மி.மீ., மேலே அறுத்தெடுக்க 2 மி.மீ. கணக்கெல்லாம் சரி. பசை போடாமல் வைத்து அழுத்திப் பார்த்தோம், துண்டு உட்காரவில்லை. எங்கள் மூத்த ஆசாரி குனிந்து, ஓரத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தார். “தம்பி, எட்டு நுனியும் தூக்குது. நடுவுல ஒண்ணும் இல்ல, நுனிதான் இடிக்குது” என்றார். “அண்ணே, ரெண்டையும் வேற வேற இடத்துல இணைச்சுட்டேன்” என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இடம் மாறாமல் பிடிக்கும் லொகேட்டிங் பின் இருந்ததால் பலகையை மறுபடி அதே இடத்தில் பூட்டி, நீண்ட நுனியோடு குழியை இன்னொரு முறை ஓட்ட முடிந்தது. நல்ல வேளையாக, இருந்த குழி சிறியது, புதியது பெரியது. மாறி நடந்திருந்தால் ஈட்டிப் பலகை போயிருக்கும். இன்றைக்கு ஈட்டி விற்கிற விலைக்கு அது தாங்காது.

அதிலிருந்து வரிசை இதுதான்: ஒரே இடத்தில் இணை, சரிபார், அதற்கப்புறம் நகலெடு, நகலைத் துண்டுக்காகக் கண்ணாடிபோலத் திருப்பு.

சரிபார்க்க விகார்வை மிஞ்ச ஆளில்லை. அதன் ஜாயின் வசதி எத்தனை கோடுகள் திறந்திருக்கின்றன, இந்த அளவு வைத்தால் எத்தனை மூடும், எத்தனை மிஞ்சும் என்று பட்டனை அழுத்தும் முன்பே எண்ணிச் சொல்லும். வெக்டர் வேலிடேட்டர் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளையும், தன்னையே வெட்டிக்கொள்ளும் கோடுகளையும் காட்டிக்கொடுக்கும். அதனால் கோரலில் இணைத்ததை விகார்வில் கொண்டுவந்து ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன். டிஎக்ஸ்எஃப்பாக அனுப்பினால் வளைவுகள் சில சமயம் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைந்து வரும், ஆகவே பிடிஎஃப் அல்லது இபிஎஸ். ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்தே அனுப்புவேன், அந்தப் பக்கம் போய் அளந்தால் சைஸ் மாறியதா என்று தெரிந்துவிடும். இங்க்ஸ்கேப்பின் பழைய ஃபைல்களுக்கு இது மிகவும் முக்கியம். 2017ல் வந்த 0.92 பதிப்பில் ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல் என்பது 96 ஆனது. பழைய ஃபைலை அப்படியே புதிய கணக்கில் படித்தால் 100 மி.மீ. 93.75 ஆகிவிடும்.

ஃபியூஷன் என்ற இன்னொரு டிசைன் சாஃப்ட்வேரில் நான் செய்தது இரண்டே வேலை. மூடிய வடிவத்துக்குள் நிறம் நிரம்பித் தெரிவது பிடித்திருந்தது. பூ வேலைக்கு அதை எடுக்கும் அளவுக்கு எனக்குக் கை பழகவில்லை.

3 மி.மீ. நேர் பிட்டில் மட்டும் இன்லே செய்பவர்கள் கோரலுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். உள்மூலையை பிட்டே 1.5 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடும், நடுப்புள்ளியா நீட்டலா என்ற வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இங்க்ஸ்கேப் போதும். வி பிட்டில் கூர்நுனி வேலை என்றால் கோரல். எங்கள் தாமரையின் எட்டு நுனியும் வளையத்தில் முட்டி நிற்கின்றன. மூன்றாவது இதழின் அடியில் மட்டும் ஒரு மெல்லிய பசைக்கோடு இருக்கிறது. அது தேய்ப்புக் காகிதத்தால் வந்தது, கோட்டால் அல்ல.