பிறவியிலேயே பார்வையற்ற கோழிகளுக்குப் புதுச்சேரியில் கிடைத்த மருத்துவம்

புதுச்சேரி நகரின் மேற்குப் புறத்தில், ஒரு குடியிருப்புத் தெருவில் தரைத்தளத்தில் இயங்கும் சிறிய தனியார் கால்நடை மருத்துவமனைக்குக் கடந்த எட்டு மாதங்களில் ஆறு முறை என் கோழிகளை எடுத்துச் சென்றிருக்கிறேன். பெரும்பாலும் நாய், பூனைகள் வரும் இடம். செவ்வாய், வெள்ளி மாலைகளில் பறவைகளையும் பார்க்கிறார்கள். பெயரைப் பொதுவெளியில் எழுத வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதால் அதை விடுத்து, அங்கே கிடைத்த சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கண் தெரியாத பறவையை எந்த மருத்துவரிடம் கொண்டு போனாலும் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்க வேண்டும் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

பாகூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து சிறுவிடைக் கோழிகள் எப்போதும் உண்டு. சென்ற தை மாதத்தில் ஒரு பெட்டையை அடை வைத்ததில் 11 குஞ்சுகள் பொரித்தன. இரண்டாம் நாளே அவற்றில் மூன்று குஞ்சுகள், தாயின் குரல் வந்த பக்கம் ஓடினவே தவிர, அவள் கொத்திக் காட்டிய நொய்யைக் கண்டுகொள்ளவில்லை என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள். கண்கள் தெளிவாக, கறுப்பாக, அழகாக இருந்தன; வீக்கமோ நீர் வடிதலோ இல்லை. பக்கத்து ஊர்த் தீவனக் கடையில் விவரத்தைச் சொன்னபோது, குஞ்சுகளைப் பார்க்காமலேயே சொட்டு மருந்தும் சத்து மருந்துமாக 480 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பத்து நாள் தவறாமல் விட்டோம். பன்னிரண்டாம் நாள் இரவு, அந்த மூன்றில் ஒன்று தட்டையான தண்ணீர்த் தட்டில் விழுந்து நனைந்து, விடிவதற்குள் இறந்துவிட்டது. மருந்தைத் தேடிய நாட்களில் தண்ணீர்த் தட்டை மாற்றியிருந்தால் அது பிழைத்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் மாலையே மீதி இரண்டையும் தாய்க்கோழியையும் பஞ்சாரத்தோடு எடுத்துக்கொண்டு இந்த மருத்துவமனைக்குப் போனேன். முதல் வருகைக்கு 250 ரூபாய் வாங்கினார்கள். அதற்கு மருத்துவர் ஏறக்குறைய அரை மணி நேரம் செலவிட்டார். கூண்டில் எதைப் பரப்பியிருக்கிறோம், எத்தனை நாளுக்கு ஒரு முறை அள்ளுகிறோம் என்று கேட்டார்; எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணைப் பொசுக்கிவிடக் கூடும். தாய்க்குப் பச்சைத் தீனி கிடைக்கிறதா, தடுப்பு மருந்துகள் போட்டோமா, மற்ற எட்டுக் குஞ்சுகளில் ஏதேனும் தள்ளாடுகிறதா என்றும் விசாரித்தார். பிறகு அறையை இருட்டாக்கிவிட்டுக் கருவியால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குகிறதா என்று வீட்டில் நான் டார்ச் அடித்துப் பார்த்ததைச் சொன்னேன். பறவைகளில் கண்மணியைச் சுருக்கும் தசை, நம் கை கால் தசைகளைப் போல விருப்பப்படி இயங்கும் வகை என்பதால், அந்தச் சோதனையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அவர் விளக்கினார். அவர் நம்பிய சோதனை மிக எளியது: ஓசை எழாத பஞ்சு உருண்டையைக் குஞ்சின் முகத்துக்கு எதிரே மேலிருந்து விழவிட்டார். பார்வையுள்ள குஞ்சு சட்டென்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. இவை இரண்டும் அசையவில்லை.

"ஐயா, இதற்கு மருந்து எழுதிக் கொடுத்தால் நான் உங்களை ஏமாற்றுவதாக ஆகிவிடும். பிறவியிலேயே இப்படி என்றுதான் தெரிகிறது. பார்வை வராது, ஆனால் இவை நன்றாக வாழலாம்" என்றார். இந்த மருத்துவமனையை நான் மதிப்பதற்கு இந்த ஒரு பேச்சே காரணம்.

அவர் பிறவிக் குறை என்று சொன்னதோடு நிற்காமல், அது பரம்பரையாக வந்ததா என்பதையும் பொறுமையாகத் தேடினார். அந்தப் பெட்டையும் சேவலும் ஒரே அடையில் பொரித்த உடன்பிறப்புகள். அதே பெட்டை முந்தைய ஆண்டு வேறொரு சேவலோடு சேர்ந்து இட்ட முட்டைகளில் ஒரு குஞ்சுகூடப் பழுதில்லை. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை, குஞ்சுக்கு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும்போதுதான் வெளிப்படும் என்றால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு பாதிக்கப்படும். 11இல் மூன்று என்பது அதற்குப் பொருந்துகிறது, ஆனால் இவ்வளவு சிறிய கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்று எச்சரித்தார். மூன்றாம் மாதம், மிஞ்சிய இரண்டில் ஒன்று சேவல் என்று கொண்டை காட்டிக்கொடுத்ததும் அவர் அடுத்த முடிச்சையும் அவிழ்த்தார். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளுக்கு நிறப்புரி என்று பெயர்; ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பவை பால் நிறப்புரிகள். கோழிகளில் சேவலுக்கு இசட் எனும் பால் நிறப்புரி இரண்டு உண்டு, பெட்டைக்கு ஒன்றே. குறை அந்த இசட்டில் இருந்திருந்தால், தாயும் பார்வையற்றவளாக இருந்தால்தான் சேவல் குஞ்சு பார்வையிழந்து பிறக்கும். எங்கள் தாய்க்கோழியோ, வானத்தில் பருந்து வட்டமிட்டால் முதலில் குரல் கொடுப்பவள். ஆகவே இது பால் நிறப்புரியோடு சேராத, பெற்றோர் இருவரும் ஒளித்து வைத்திருந்த குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதன் விளைவு நான் நினைத்ததைவிடப் பெரியது. அப்படியானால், நன்றாகக் கண் தெரியும் அந்த எட்டு உடன்பிறப்புகளிலும், ஒவ்வொன்றும் குறையைச் சுமந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அவற்றில் ஒரு சேவல், செம்பொன் கழுத்தும் நீண்ட வாலுமாக, பார்ப்பவர் எல்லாம் விலைக்குக் கேட்கும்படி வளர்ந்தது. இனப்பெருக்கத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி இரண்டு பேரின் மனத்தாங்கலுக்கு ஆளானேன், அதற்காக வருந்தவில்லை.

ரோட் ஐலண்ட் ரெட் என்ற கோழி இனத்தில் இப்படிப் பொரிக்கும்போதே பார்வையற்றுப் பிறக்கும் ஒரு வகை நெடுங்காலமாக அறியப்பட்டது என்றும், விழித்திரையில் வேலை செய்யும் ஒரே ஒரு நொதிக்கான மரபணு கெட்டுப்போவதே அதற்குக் காரணம் என்றும் மருத்துவர் சொன்னார். மனிதக் குழந்தைகளின் ஒருவகைப் பிறவிக் குருட்டுத்தன்மைக்கும் அதே மரபணுவே காரணமாம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த இனத்தின் முட்டைக்குள் இருந்த கருவுக்கு நல்ல மரபணுவைச் செலுத்தியதில் சில குஞ்சுகள் பார்வையோடு பொரித்தனவாம். எங்கள் குஞ்சுகளுக்கு இருப்பது அதே குறை என்று மரபணுவைச் சோதிக்காமல் சொல்ல முடியாது என்பதையும் அவர் உடனே சேர்த்துக்கொண்டார்.

பராமரிப்பு பற்றி அவர் சொன்னவற்றுள் எங்கள் வீட்டில் மிகவும் பயன்பட்டது, காலால் அறியும் அடையாளம். தீவனச் சட்டிக்கு முன்னால் ஒரு சாக்குத் துண்டையும், தண்ணீருக்கு முன்னால் செங்கல்லையும் பதித்து, இரண்டையும் எந்நாளும் இடம் மாற்றாமல் வைக்கச் சொன்னார். நான்கே நாளில் குஞ்சுகள் சாக்கை மிதித்ததும் தலையைக் குனிந்து கொத்தக் கற்றுக்கொண்டன. தண்ணீருக்கு உள்ளே விழ முடியாதபடி வாய் குறுகிய மண்சட்டி. முதல் சில நாட்கள் அலகின் நுனியை மட்டும் நீரில் தொட்டுக் காட்ட வேண்டும், மூக்குத் துளை நனையக் கூடாது. தீவனம் வைக்கும் முன் சட்டியின் விளிம்பை மூன்று முறை தட்ட வேண்டும். தொடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். மாலையில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவி, இரை தின்றிருக்கிறதா என்று பார்ப்பதும், வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போடுவதும் என் மனைவியின் பொறுப்பு. மற்றக் கோழிகள் கொத்தி விரட்டுவதால் தனி அடைப்பு வேண்டும். ஆனால் தனிமை வேண்டாம் என்று, சாதுவான ஒரு கிழட்டுப் பெட்டையை உடன் விடச் சொன்னார். அவள் கொக்கரிக்கும் இடத்தைக் குறியாக வைத்தே இரண்டும் நடமாடுகின்றன.

ஆறாம் மாதத்தில் பார்வையற்ற பெட்டை முட்டையிட்டது. ஒளியைக் காணாத பறவைக்கு இது எப்படிச் சாத்தியம் என்று வியந்து கேட்டபோது, மண்டையோட்டை ஊடுருவி மூளையின் ஆழத்தை எட்டும் ஒளியை அங்குள்ள செல்களே உணர்ந்து முட்டையிடும் காலத்தை அறிவிக்கும், அதற்குக் கண் வேண்டியதில்லை என்றார். முட்டைகளை உண்ணலாம், அடை வைக்க வேண்டாம் என்பதே நிபந்தனை.

பிரான்சில் வாழும் என் அக்கா மகள் பண்ணையில் பிறந்த மயில்களை வாங்கி வளர்க்கிறாள். அவளிடமும் ஒரு மயில் குஞ்சு கண் தெரியாமல் பொரித்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது மருத்துவர் தனிக் கட்டணம் வாங்காமல் பேசியதோடு, கோழிக்குச் சொன்னதை அப்படியே மயிலுக்குச் செய்யக் கூடாது என்றும் திருத்தினார். துணைக்குக் கோழியை விடவே கூடாது. கோழியைப் பெரிதாக வருத்தாமல் அதன் குடற்புழு வழியே பரவும் கரும்தலை நோய் மயிலைக் கொன்றுவிடும், ஆகவே துணையும் மயிலாகவே இருக்க வேண்டும். மயில் இரவில் உயரத்தில் அடையும் இயல்புடையது என்பதால், பார்வையற்றதும் மேலே பறக்க முயன்று விழும். தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் அகலமான பலகையும், மேலே கம்பிக்குப் பதிலாக மெத்தென்ற வலையும் வேண்டும். உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் மயிலுக்கும் இதே ஆபத்து உண்டு என்றார். வெள்ளை மயில் குருடோ என்ற அவள் ஐயத்துக்கு, அது நிறமிக் குறைவு மட்டுமே என்று பதில் கிடைத்தது. நம் நாட்டில் மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கண் தெரியாத மயிலை வயலில் கண்டால் தலையில் துணியைப் போர்த்தி, காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்ல வேண்டுமே தவிர, இரக்கத்தால்கூட வீட்டில் வளர்க்கக் கூடாது.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் கூடம் ஒன்றே என்பதால், ஓசையை மட்டுமே நம்பி வாழும் பறவை முக்கால் மணி நேரம் நாய்க் குரைப்புக்கு நடுவே நடுங்க வேண்டியிருக்கிறது. நான்காம் வருகையில் எங்கள் சேவல் பஞ்சாரத்தில் மோதிக் கொண்டையைக் கிழித்துக்கொண்டது. இதைச் சொன்னதிலிருந்து எங்களைப் பக்கத்து அறையில் உட்கார வைக்கிறார்கள். கேட்காதவர்களுக்கும் அப்படிச் செய்ய வேண்டும். பராமரிப்புக் குறிப்பு அச்சிட்ட தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. கோழி வளர்க்கும் கிராமத்துப் பெண்களுக்கு அது பயன்படாது என்பதால், என் மனைவி தமிழில் எழுதிய படி ஒன்றை மருத்துவரிடம் கொடுத்திருக்கிறாள். சென்ற வெள்ளிக்கிழமை அது சுவரில் ஒட்டப்பட்டிருந்தது.

மறுவருகைக்கு 100 ரூபாய். போகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். பஞ்சாரத்தின் மேல் கனமான துணியைப் போர்த்தி, துணைக் கோழியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.