கொழும்பில் பழைய பேக்கரி தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் கவனம்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. எந்த வீதி என்றும் சொல்ல மாட்டேன், சொன்னால் கடையைச் சொன்ன மாதிரித்தான். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு கொழும்பில் திரிகிறவர்கள் மட்டும் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் சின்னம்மாவும் தங்கச்சியும் லண்டனுக்குத் திரும்பிய நாள். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். விமானம் இரவுதான். வெள்ளவத்தையில் அண்ணா வீட்டில் பெட்டிகளை வைத்துவிட்டு, இன்றைக்கு முழுக்கப் பழைய பேக்கரிகள்தான் என்று தங்கச்சி தீர்மானித்துவிட்டாள். அவள் லண்டனில் பிறந்தவள். காலையிலேயே ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வந்த சூன் பாண் ஆட்டோவை மறித்து ஒரு கிம்புலா பணிஸ் வாங்கினாள். முதலை மாதிரி நீட்டி, மேலே சீனி தூவின பணிஸ். அதைப் படம் எடுத்து முடிக்கவே கால் மணித்தியாலம். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகுதான் அந்தக் கடை. பழைய கட்டடம், மரச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி, பெயர்ப்பலகையில் வெள்ளைக்காரன் காலத்து ஆண்டு ஒன்று. அப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில் சம்பள நாளில் அங்கேதான் கேக் வாங்குவாராம். சின்னம்மா அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை உள்ளே கூட்டிப் போனார்.

கொழும்பின் பழைய தேநீர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்தவுடன் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ஷார்ட் ஈட்ஸ் வந்துவிடும்: ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மீன் வைத்த மாலு பாண் எல்லாம் கலந்து. விருப்பமானதை எடுத்துச் சாப்பிடலாம். எழும்பும்போது வெயிட்டர் தட்டில் மிச்சம் எத்தனை என்று பார்த்து, சாப்பிட்டதற்கு மட்டும் கணக்குச் சொல்வார். நம்பிக்கையில் ஓடுகிற வழக்கம், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. மிச்சம் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் என்பதைப் பற்றி நாங்கள் யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

எங்களுக்கு வந்த தட்டில் 12 இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து 5 சாப்பிட்டோம். தங்கச்சி ஒரு பற்றிஸை எடுத்து, சூடாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மேலே குழி விழுந்துவிட்டது. நான் சிரித்தேன்.

பில் வந்தது. துண்டு 180 ரூபாப்படி 12க்கும் போட்டு 2160, மூன்று டீ 600, சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கு மேல் வற் வரி 18 வீதம். மொத்தம் 3582 ரூபா. நாங்கள் சாப்பிட்டதற்கு டீயும் சேவைக் கட்டணமும் சேர்த்து 1650 வந்திருக்க வேண்டும்.

பக்கத்து மேசையில் இருந்த ஐயா ஒருவர் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அவருக்கும் இதே மாதிரித் தட்டுத்தான் வந்தது. நான் அதைச் சொன்னதும் காசாளர் நல்ல தமிழில், "தம்பி, அவர் நெடுநாள் வாடிக்கையாளர். மற்றவர்களுக்குத் தட்டுக் கணக்குத்தான்" என்றார். அப்படி எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தங்கச்சியின் கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தார். அவள் இங்கிலிஷில் கதைத்ததும் அந்தக் கமராவும்தான் எங்களை "மற்றவர்கள்" ஆக்கியிருக்க வேண்டும்.

வற் வரியும் அப்படித்தான். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம் என்பது உண்மை. ஆனால் அந்த வரிக்குப் பதிவு செய்த கடைதான் அதை அறவிடலாம். எங்கள் பில்லில் பதிவு இலக்கத்தைக் காணவில்லை. "விடு தம்பி, பயண நாளில் வாக்குவாதம் வேண்டாம்" என்றார் சின்னம்மா. கொடுத்துவிட்டேன். ஆட்டோவில் ஏறின பிறகுதான் புத்தி வந்தது: காசு கொடுத்த மிச்சம் 7ஐயும் கட்டித் தரச் சொல்லியிருக்கலாமே!

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, உள்ளே போன கையோடு, சின்னம்மா ஒரு கிலோ லவ் கேக் வாங்கிவிட்டார், 4800 ரூபா. லண்டனில் பேரப்பிள்ளைகளுக்காம். விறகுப் போறணையில், அதாவது விறகு எரிக்கிற பேக்கரி அடுப்பில், மெதுவாக வெந்த கேக் என்று கடைக்காரப் பையன் சொன்னான். போறணையைப் பார்க்கலாமா என்று தங்கச்சி கேட்டதற்கு, இன்றைக்குப் பூட்டு என்றான். நாங்கள் வெளியே வரும்போது கடைவாசலில் ஒரு வேன் நின்றது, அதிலிருந்து பிளாஸ்டிக் கூடைகளில் பணிஸ் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியில் செய்து கொண்டுவந்து விற்பது குற்றமில்லை. ஆனால் விறகுப் போறணைக் கதை எதற்கு?

வீட்டில் பெட்டியைத் தூக்கின அண்ணிக்கு அது ஒரு கிலோ என்று தோன்றவில்லை. கீழே உள்ள பலசரக்குக் கடைத் தராசில் வைத்தோம். பெட்டியும் அடி அட்டையும் இல்லாமல் கேக் 790 கிராம். பெட்டியும் அட்டையும் 110 கிராம். கூட்டினாலும் 900தான் வருகிறது, மிச்சம் 100 கிராம் அந்தக் கடைத் தராசுக்குத்தான் வெளிச்சம்.

சின்னம்மா ஒரு துண்டை வாயில் வைத்ததும் முகம் மாறிவிட்டது. லவ் கேக் என்றால் ரவை, கஜு (முந்திரிப் பருப்பு), முட்டை மஞ்சள் கரு, பூசணி தோசி, ரோஜாப் பன்னீர், ஏலம், சாதிக்காய். மேல்பக்கம் மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்க வேண்டும். கஜு கேக்கோடு கரைந்து பால் மாதிரி ஒரு ருசி தரும். இதில் வறுத்த வாசனை வந்தது. கச்சான், அதாவது நிலக்கடலை! பேரப்பிள்ளைகளில் ஒருவனுக்குக் கச்சான் ஒவ்வாமை, பள்ளிக்கூடத்துக்கே ஊசி கொண்டுபோகிற பிள்ளை. பெட்டியில் என்னென்ன சேர்த்தது என்று ஒரு வரி இல்லை, செய்த தேதியும் இல்லை. அந்தப் பெட்டி லண்டன் போகவில்லை. 4800 ரூபாவை விட இதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இனி நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். தட்டு வந்தவுடன், சாப்பிட்டதற்கு மட்டும்தானே காசு என்று வாய்விட்டுக் கேட்பேன், தட்டையும் ஒரு படம் எடுத்து வைப்பேன். இல்லாவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் வேண்டியதைக் காட்டி வாங்குவேன், சுகாதாரத்துக்கும் அதுவே நல்லது. கேக்கைப் பெட்டியில் போடுவதற்கு முன்பே நிறுக்கச் சொல்வேன். கஜுவா கச்சானா என்று நேராகக் கேட்பேன். உண்மையில் லவ் கேக்கை வீட்டில் செய்து கொடுக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வாங்குவதுதான் சரி, கொழும்பில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். முக்கியமாகக் கடைப் பெயர் அச்சடித்த பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003லிருந்தே இருக்கிறது.

இதை நான் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தபோது முதலில் கேட்டதே பில்தான். என்னிடம் இருந்தது கொப்பியில் கிழித்த ஒரு தாள். கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

மறுநாள் காலை அந்தத் தாளோடும் கேக்கோடும் திரும்பப் போனேன். காசாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பில் என்று எப்படித் தம்பி சொல்கிறீர்கள்?" என்றார். நிறுவைக்கும் அதே பதில்தான், பாதியை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேனாம்.

வெளியே வரும்போது கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். பற்றிஸ் ஒரு தட்டு நிறைய அடுக்கியிருந்தது. தங்கச்சியின் விரல் பட்டுக் குழி விழுந்ததைத் தேடினேன். இல்லை. யாரோ சாப்பிட்டிருப்பார்கள்.