போர்டு போனால் லைசென்ஸும் போகுமா? பெட்டி விண்டோஸும் கூடவே வரும் விண்டோஸும்

தங்கச்சிமடத்தில் என் கமிஷன் கடைக் கம்ப்யூட்டரும் மண்டபத்தில் மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டரும் மூன்று மாத இடைவெளியில் படுத்துவிட்டன. இரண்டிலும் போனது மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்துகிற முதன்மைப் பலகை. இரண்டிலும் இருந்தது விண்டோஸ் ஹோம். அவர் மறுபடியும் விண்டோஸுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது, நான் கொடுக்கவில்லை. காரணம், அவரிடம் இருந்தது ஓ.இ.எம். லைசென்ஸ் (மெஷினோடு கூடவே வருவது), என்னிடம் இருந்தது ரீடெய்ல் (தனியாகப் பெட்டியில் வாங்குவது). ரீடெய்லைக் கடைக்காரர்கள் எஃப்.பி.பி. என்பார்கள்.

வாங்கும்போது அவர்தான் புத்திசாலி. கம்பெனி டெஸ்க்டாப், விண்டோஸோடு சேர்த்தே விலை. சாவி, அதாவது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் எண், போர்டில் இருக்கும் சிப்பிலேயே பதிந்திருக்கும். ஃபார்மட் அடித்தாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், எதையும் டைப் அடிக்க வேண்டாம். நான் அசெம்பிள் செட் வாங்கி, விண்டோஸ் 10 ஹோம் பெட்டிக்குத் தனியாகப் பத்தாயிரம் பக்கம் அழுதேன். "சும்மா வர்ற சாமானுக்கு ஏன் மாப்ள காச கொட்டுற?" என்று அப்போதே சிரித்தார்.

ஓ.இ.எம். என்பது முதலில் ஏறிய மெஷினோடு வாழ்ந்து அதோடு சாகிற லைசென்ஸ். ரேம் மாற்றலாம், ஹார்ட் டிஸ்க் மாற்றலாம், ஒன்றும் சொல்லாது. மதர்போர்டு மாறினால் மைக்ரோசாஃப்டைப் பொறுத்தவரை அது வேறு கம்ப்யூட்டர். வாரண்டியில் கம்பெனியே பழுதான போர்டை மாற்றிக் கொடுத்தால் லைசென்ஸ் தொடரும். வாரண்டி முடிந்து, உள்ளூர் மெக்கானிக் வேறு போர்டு போட்டால் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். ரீடெய்ல் அப்படி இல்லை. ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் இருக்கலாம், ஆனால் எந்த மெஷின் என்பது நம் இஷ்டம்.

மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே போர்டு ஏழெட்டு வருஷம் ஓடும், அதற்குள் மெஷினே பழசாகிவிடும். எங்கள் ராமேஸ்வரம் தீவில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்புதான். என் கேபினட்டைத் திறந்தபோது ஸ்க்ரூ தலைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. யு.எஸ்.பி. போர்ட் ஓரமெல்லாம் துரு. ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் பித்தளைக் குத்துவிளக்கில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. ரேமின் உலோகக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டு, அதற்கு முந்தைய ஆறு மாதத்தை ஓட்டியிருந்தேன். இந்த முறை மெக்கானிக் தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ரப்பருக்கு அடங்காதுண்ணே" என்றான்.

உப்புப் படலம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில், தொடக்கூடாத இரண்டு கால்களுக்கு நடுவே கரண்ட் கசிகிறது, செம்பு அரிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் சூட்டில் ஓரளவு காய்ந்திருக்கும். அதனால் மீன்பிடித் தடைக்காலத்தில் மாதக்கணக்கில் மூடிப்போட்ட என் கடை மெஷின்தான் அதிகம் அடிவாங்கியது என்று நினைக்கிறேன். நாலு வருஷத்தில் இது எனக்கு இரண்டாவது போர்டு. ஒவ்வொரு போர்டோடும் ஒரு விண்டோஸைப் புதைக்க முடியுமா?

மாற்றிய கதைக்கு வருகிறேன். பழைய மெஷின் உயிரோடு இருந்தால் அதில் கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்.எல்.எம்.ஜி.ஆர். /யு.பி.கே.' (slmgr /upk) அடித்துச் சாவியைக் கழற்றிவிட்டுப் புதியதில் போடுவதுதான் முறை. என்னுடையது பவரே ஏறவில்லை. காப்பாற்றியது ஒரே காரியம்: மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லைசென்ஸை முன்பே இணைத்து வைத்திருந்தேன். 2016 முதல் இந்த வசதி இருக்கிறது. புது மெஷினில் அதே ஹோம் பதிப்பைப் போட்டு, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபுள்ஷூட்டைத் தட்டி, ஹார்ட்வேரை மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அக்கவுண்டில் நுழைந்ததும் என் பழைய மெஷின் பெயர் பட்டியலில் நின்றது. அதை டிக் செய்தேன், முடிந்தது. பதிப்பு மட்டும் மாறக்கூடாது. ஹோம் லைசென்ஸ் புரோ பதிப்பை எழுப்பாது.

உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் 'எஸ்.எல்.எம்.ஜி.ஆர். /டி.எல்.ஐ.' (slmgr /dli) அடியுங்கள். வரும் சின்னப் பெட்டியில் ரீடெய்ல் சேனல் என்றோ ஓ.இ.எம். என்றோ இருக்கும். அசெம்பிள் கடைகளில் ஓ.இ.எம். பேக்கையும் பெட்டியாகவே நீட்டுவார்கள். விலை குறைவாக இருந்தால் அதுவாகத்தான் இருக்கும், கேட்டு வாங்குங்கள். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் அதன் லைசென்ஸையும் பழைய மெஷினிலேயே சரண்டர் செய்துவிட்டு நகருங்கள். எனக்கு விண்டோஸை விட அதில்தான் அதிக நேரம் போனது.

ஆன்லைனில் ஐநூறு ரூபாய்க்குச் சாவி விற்கிறார்களே? அதில் பல, கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் வால்யூம் சாவிகள். அதில் கம்பெனி சர்வர் மூலம் நடக்கும் கே.எம்.எஸ். வகை ஆக்டிவேஷன் 180 நாள்தான் தாங்கும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். எடுத்து ஒதுக்கிவிட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸுக்கு லைசென்ஸ் தொல்லையே இல்லை. போர்டு போனால் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அடுத்த மெஷினில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழுந்துவிடும். மகளின் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு மூன்று மாதமாகிறது, அவள் குறை சொல்லவில்லை. கடைக் கணக்கை அதில் ஓட்டிப் பார்க்காததால் அதற்கு மேல் நான் பேசுவது சரியில்லை.

விற்கும்போது கணக்கு கொஞ்சம் திரும்பும். மச்சான் மெஷினை விண்டோஸோடு விற்கலாம், நான் லைசென்ஸை உருவிக்கொண்டால் வெறும் மெஷினைத்தான் விற்க முடியும். இங்கே துருப்பிடித்த பெட்டியை யார் வாங்கப்போகிறார்கள் என்பது வேறு.

மச்சான் இந்த முறையும் கம்பெனி டெஸ்க்டாப்தான் வாங்கினார், மூன்று வருஷ வாரண்டி போட்டு. அது வாரண்டிக்குள்ளேயே படுத்தால் அவர் ஜெயித்தார், நாலாவது வருஷம் படுத்தால் நான். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கத்திலிருந்து மேஜையை மட்டும் உள்ளறைக்கு நகர்த்திவிட்டார்.