பாலிஸ்: கோத்தகிரியில் கரடிப் பிரச்சினைக்கு நாங்கள் பயன்படுத்திய கருவி

ஊர்ப் பிரச்சினையைப் பேச வாட்ஸப் குழு போதாதா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போதாது. எங்கள் ஊர்க் குழுவில் கரடி என்று ஒருவர் எழுதினால் பத்தாவது செய்திக்குள் யார் வீட்டுக் குப்பை, யார் தோட்டத்துப் புதர் என்று சண்டை வந்துவிடும். பேசுவது எப்போதும் அதே ஏழெட்டு ஆண்கள்தான். மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

பாலிஸ் (Polis) என்ற இணையக் கருவியில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. ஏனென்றால் அதில் பதில் எழுதும் வசதி கிடையாது. கேள்வியை வைப்பவர் ஒருவர். வருகிறவர்கள் தங்கள் கருத்தை ஒன்றிரண்டு வரியில் எழுதலாம். மற்றவர்கள் எழுதியவை ஒவ்வொன்றாகத் திரையில் வரும். சம்மதம், சம்மதமில்லை, இப்போதைக்கு விட்டுவிடுகிறேன் என்று மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஒருவர் சொன்னது பிடிக்கவில்லையா? சம்மதமில்லை என்று அழுத்திவிட்டு, உங்கள் கருத்தைத் தனியாக எழுதுங்கள். அவருடைய அப்பா பெயரை இழுக்க வழியில்லை.

வாக்குகள் சேரச் சேர, ஒரே மாதிரி வாக்களித்தவர்களை அது ஒரு கூட்டமாகச் சேர்த்துப் படமாகக் காட்டுகிறது. எந்தக் கருத்து ஊரைப் பிரிக்கிறது, எந்தக் கருத்தை எல்லாக் கூட்டமும் ஏற்கிறது என்பது தனித்தனியாகத் தெரியும். இந்தக் கணக்குக்கு வாக்குகள் மட்டும் போதும், எழுதியதன் அர்த்தம் அதற்குத் தேவையில்லை. அதனால் தமிழில் எழுதினாலும், படுக மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான்.

இதன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதனால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம். 2011-இல் அரபு நாடுகளிலும் நியூயார்க்கிலும் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். இத்தனை பேர் சொல்வதை ஒரே நேரத்தில் எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று யோசித்த சியாட்டில்காரர்கள் சிலர் இதை உருவாக்கத் தொடங்கினார்கள். 2014 மார்ச் 18 அன்று தைவான் மாணவர்கள், சீனாவுடனான வர்த்தக ஒப்பந்தம் ஒன்றை அவசரமாக நிறைவேற்றக் கூடாது என்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து மூன்று வாரத்துக்கும் மேல் அங்கேயே உட்கார்ந்தார்கள். உள்ளே நடப்பதை ஊருக்கு நேரலையில் காட்ட உதவியவர்கள் கவ் ஸீரோ என்ற தன்னார்வ நிரலாளர்கள். அதற்குப் பிறகு அரசுத் தரப்பிலிருந்தே இவர்களிடம் வந்து, மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். வி தைவான் என்ற கருத்துக்கேட்பு முறை அப்படிப் பிறந்தது. 2015-இல் ஊபர் வாடகைக் கார் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற பிரச்சினைக்கு அவர்கள் எடுத்த கருவி பாலிஸ். டாக்சிக்காரர்கள் ஒரு பக்கம், ஊபர் பிரியர்கள் மறுபக்கம் என்று தொடங்கியது. கடைசியில் பயணிக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற விஷயங்களில் இரண்டு பக்கமும் சேர்ந்து நின்றது. அந்தக் குழுவில் இருந்த ஆட்ரி டாங் 2016-இல் அமைச்சரானார், வயது 35. அமெரிக்காவில் எழுதிய நிரல், தைபேயில் தன்னார்வலர் கையில் பழகி, இப்போது கோத்தகிரியில் எங்கள் கையில் இருக்கிறது. நிரலும் திறந்த மூலம்தான், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊராட்சியில் படுகர்கள் வாழும் ஹட்டி என்ற குடியிருப்பும் இருக்கிறது, இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் லயன் வீடுகளும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளும் இருக்கின்றன. நான் லயன் வீட்டுப் பெண். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் பராமரிக்காமல் விட்ட தோட்டங்களில் புதர் மண்டி, அதில் கரடி படுத்துக் கிடக்கிறது. எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவை உடைக்கிறது. காட்டெருமை வேறு. கல்லூரி படிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் "கரடி, காட்டெருமை பயமில்லாமல் நடமாட நம் ஊரில் முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்று பாலிஸில் கேட்டோம்.

முதலில் நாமே சில கருத்துகளைப் போட்டு வைக்க வேண்டும். இதில்தான் மிகவும் கவனம் தேவை. ஆரம்பக் கருத்துகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வருகிறவர் நம்பிக்கை இழந்துவிடுவார். கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதையும், நமக்கு முன்பே இது கரடியின் இடம் என்பதையும் ஒன்றாகவே போட்டோம்.

பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் சிக்னல் கிடைக்காது. வயதானவர்களிடம் ஸ்மார்ட்போனும் இல்லை. அதனால் நாங்களே போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினோம், அவர்கள் சொன்னதை அழுத்தினோம். என் பாட்டி முதல் ஆளாக உட்கார்ந்தார். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. பாட்டி அங்கே ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு கருத்தையும் இரண்டு தரம் படிக்கச் சொல்லி, யோசித்து, பிறகுதான் பதில் சொன்னார். "இத யாரு எழுதுனா?" என்று நடுவில் கேட்டார். தெரியாது பாட்டி என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றார்.

நூற்றுச் சொச்சம் பேர் கலந்துகொண்டார்கள். ஹட்டி ஒரு பக்கம், லயன் ஒரு பக்கம் என்று பிரியும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். படத்தில் இரண்டு கூட்டம் வந்தது உண்மை, ஆனால் இரண்டிலும் இரண்டு பகுதி ஆட்களும் கலந்திருந்தார்கள். கருத்துகளைப் பார்த்தபோது புரிந்தது: கொழுந்து பறிக்கவும் பள்ளிக்கும் நடந்து போகிறவர்கள் ஒரு கூட்டம், வண்டியில் போகிறவர்கள் இன்னொன்று. கூண்டு விஷயத்தில் கடைசி வரை ஒத்துவரவில்லை. ஆனால் நடைபாதையின் இருபுறமும் புதர் வெட்டுவது, பேருந்து நிறுத்தத்திலிருந்து லயன் வரை தெருவிளக்கு, குப்பையை மூடி வைப்பது என்ற மூன்றும் இரண்டு கூட்டத்திலும் சம்மதம் பெற்றன. இதில் விளக்கைப் பற்றி எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை.

நேபாளத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2025 செப்டம்பரில் அரசு 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியதும் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், போராட்டத்தின் முதல் நாளிலேயே 19 பேர் கொல்லப்பட்டார்கள். அரசு கவிழ்ந்த பிறகு லட்சம் பேருக்கு மேல் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் கூடி, இடைக்காலப் பிரதமராக யார் வரலாம் என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். அதில் முன்னுக்கு வந்த சுசீலா கார்க்கி செப்டம்பர் 12 அன்று பதவியேற்றார். அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஆனால் அரட்டைத் தளத்தில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும், வேகமாகத் தட்டச்சு செய்பவர் குரல்தான் மேலே நிற்கும். அவசரத்துக்கு அதுதான் சரி. அவகாசம் இருக்கும்போது பாலிஸ் மாதிரி ஒன்றை அவர்கள் கையிலெடுத்தால் இன்னும் பலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கருவியால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. தைவானிலேயே வி தைவான் சொன்னதை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற சட்டம் கிடையாது. எங்களுக்கும் கிராம சபைக்கு ஆள் வந்து கை தூக்கினால்தான் தீர்மானம். படத்தை அச்செடுத்துக் கொண்டுபோனோம். அன்று பெண்கள் வழக்கத்தைவிட அதிகம் வந்தார்கள், தாங்கள் சம்மதித்த விஷயம் என்று தெரிந்ததால் எழுந்து பேசினார்கள். விளக்குக்குத் தீர்மானம் நிறைவேறி, பாதி வழிக்கு இப்போது வெளிச்சம் இருக்கிறது. புதர் வெட்டுவது நின்றுபோயிருக்கிறது, தோட்டக்காரர்கள் சிலர் கோவையில் இருக்கிறார்கள், சம்மதக் கடிதம் வர வேண்டும்.

அப்புறம், ஆட்கள் குறைவாக இருந்தால் இது தேவையில்லை. இருபது பேர் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிடலாம். "ஊர் எப்படி முன்னேற வேண்டும்" போன்ற பெரிய கேள்வியும் வேண்டாம், என்ன செய்வது என்று தெளிவாகக் கேட்டால்தான் படம் பயன்படும். பணம் எதுவும் கட்டவில்லை. அமைக்கும் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது, கல்லூரிப் பிள்ளை ஒருவர் உடனிருந்தால் ஒரு மாலையில் தயார் செய்துவிடலாம்.

கூடலூர் நண்பர்கள் யானைப் பிரச்சினைக்கு இதை வைக்கப் போகிறார்கள். அங்கே தமிழோடு மலையாளமும் வேண்டும். எங்கள் ஆரம்பக் கருத்துகளை அனுப்பியிருக்கிறோம், மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருக்கிறது.